எட்டாங்கிளாஸ் பாடத்துக்கு சண்டைக்கு வந்த அப்பா: உங்க ஊர்ல எப்படீங்க?

கோபி டீச்சர்:
கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு அரசுப் பள்ளில அறிவியல் எடுக்கறேனுங்க. எட்டாவதுல 'வளரிளம் பருவமடைதல்'னு ஒரு பாடம், குரல் உடையறது மீசை மொளைக்கறது மாதவிடாய் ஹார்மோன்னு எல்லாம் கவர்மெண்டு அச்சடிச்ச புத்தகத்துல இருக்கறதுதான், நானா ஒண்ணும் சேக்கல. எடுத்த மறுநாளே ஒரு அப்பா வண்டியோட கேட்டுக்குள்ள வந்துட்டாரு. "ஏனுங் டீச்சர், பசங்களையும் புள்ளைங்களையும் ஒண்ணா உக்கார வெச்சுட்டு பேசற பேச்சுங்களா இது, பையன் எங்கம்மா முன்னாடி வந்து கேக்கறானுங்க"ன்னு ஒரே சத்தம். அவரை எனக்கு நல்லாத் தெரியும். போன தை மாசந்தான் பொண்ணு வயசுக்கு வந்ததுக்கு தெரட்டிச் சீரு செஞ்சாரு, நாலு ரோட்டுல ஃபிளக்ஸ், பொண்ணு போட்டோ, மாமனுங்க போட்டோ, கட்சிக்காரங்க போட்டோன்னு. அப்ப வராத கூச்சம் பாடப் புத்தகத்துக்கு வந்துருச்சு. இதை அவருகிட்ட சொல்லலீங்க, சொல்லியிருந்தா அன்னைக்கு பள்ளிக்கூடமே நடந்திருக்காது. புத்தகத்தை நீட்டி எந்த வரி வேண்டாம்னு சொல்லுங்கன்னேன். நின்னுட்டே படிச்சாரு. பொறகு, "செரி, புள்ளைங்களுக்கு சொல்லுங்க, பசங்களை கிரவுண்டுக்கு அனுப்பீருங்க"ன்னாரு, ஹெச்எம்மும் அதுக்கு தலையாட்டிட்டாரு.

எனக்கு வெசனமே இந்த இடத்துலதான். நர்சம்மா கவர்மெண்டோட இலவச புதுயுகம் நாப்கின் குடுக்க வந்தா பசங்க வெளிய, டாக்டரம்மா பேச வந்தா பசங்க வெளிய. பத்தாவது வந்தா இனப்பெருக்க பாடத்துல படம் போட்டு பாகம் குறிச்சு ஃபுல் மார்க் வாங்கறானுங்க, பக்கத்து பெஞ்சு புள்ள ஏன் வயித்தைப் புடிச்சுட்டு குனிஞ்சு உக்காந்திருக்குன்னு கேட்டா சிரிக்கறானுங்க.

ஈரோட்டு லாட்ஜ்காரன்:
வெளிய அனுப்புன பசங்க எங்க போறாங்கன்னு நான் சொல்றேன் டீச்சர். கொஞ்ச வருசம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜ்ல ரிசப்ஷன்ல இருந்தேன். மாசாமாசம் ஒரு 'வைத்தியர்' வந்து ரூம் போடுவாரு, முந்தின நாளே சுவத்துல 'ஆண்மைக்குறைவா, இளமையில் செய்த தவறா'ன்னு போஸ்டர் ஒட்டிருவாங்க. இப்படி விளம்பரம் பண்றதே 1954ம் வருச சட்டப்படி குத்தம்னு எனக்கே பின்னாடிதான் தெரியும். வர்றவங்கள்ல பாதிக்கு மேல சின்னப் பசங்கதானுங்க. ஒருத்தன் ஸ்கூல் பேண்ட்டோடவே வந்தான், மேல மட்டும் கலர் சட்டை. ராத்திரி தூக்கத்துல தானா விந்து போறதுக்கு பயந்து வந்திருக்கான், அந்த வயசுல சகஜமா நடக்கறதுதான். ஒரு சொட்டு விந்துக்கு நாப்பது சொட்டு ரத்தம் போகுது, இப்படியே விட்டா கல்யாணமே பண்ண முடியாதுன்னு அந்தாளு சொல்லிப்போட்டு லேகிய டப்பாவை நீட்டிட்டான். பையன் கீழ வந்து பஸ்சுக்கு காசில்லாம எங்கிட்ட கேட்டான். எட்டாங்கிளாஸ்லயே ஒரு வாத்தியாரு "இது சீக்கு இல்லடா"ன்னு சொல்லியிருந்தா அந்தப் பணம் மிச்சம், அதை விட அவன் மூஞ்சில இருந்த பயம் மிச்சம். 1930கள்லயே குடி அரசு பத்திரிகைல கர்ப்பத்தடை பத்தி வெளிப்படையா எழுதுன பெரியார் ஊருங்க இது, சுவத்துல என்ன ஒட்டறாங்க பாருங்க.

காங்கேயத்தான்:
எல்லாரும் ஒரே பக்கமா பேசறீங்க, நான் எதிர்ப்புதான். 2007லயும் இதே அக்கப்போருதான். எய்ட்ஸ் தடுப்புன்னு சொல்லி மத்திய அரசு கொண்டாந்த வளரிளம் பருவக் கல்வியை மகாராஷ்டிரா, கர்நாடகா, குஜராத், மத்தியப் பிரதேசம்னு வரிசையா நிறுத்துனாங்க, படமெல்லாம் ஆபாசமா இருக்குதுன்னு. 2009ல வெங்கையா நாயுடு தலைமைல ராஜ்யசபா குழுவும் ஸ்கூல்ல வேண்டாம்னுதான் சொல்லுச்சு. அதையும் விடுங்க, வாரம் ஒரு வாத்தியாரு போக்சோல உள்ள போறான், அவனுங்க கைலயா இந்தப் பாடத்தைக் குடுக்கறது? எனக்கு ரெண்டு பொண்ணுங்க.

பொள்ளாச்சி அக்கா:
தம்பி உங்க பயம் நியாயம், ஆனா அதுக்காகத்தான சொல்லிக் குடுக்கோணும்? எங்க வீதில ஒரு புள்ள, ஆறாவது. திடீர்னு டியூஷன் போக மாட்டேன்னு அழுகை. படிக்க வணங்காம நடிக்கறான்னு அடிச்சு அனுப்புனாங்க. ஸ்கூல்ல ஒரு மேடம் வந்து தொடக்கூடாத தொடுதல் பத்தி பேசுன அன்னைக்குத்தான் வாயைத் தொறந்துச்சு, அதுவும் அந்த மேடத்துகிட்ட, பெத்தவகிட்ட இல்ல. ஊட்டுல என்ன தெரியுங்களா, வெளிய தெரிஞ்சா சீரு செய்ய ஒருத்தன் வரமாட்டான், மூடி மறைங்கன்னு பெரியவங்க. ஆனா தெரிஞ்சவங்க போலீசுக்கு சொல்லியே ஆகோணும், போக்சோ 19வது பிரிவு, அந்த மேடம் விடல. 2025 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, பாலியல் கல்விக்கு ஒம்பதாவது வரைக்கும் காத்திருக்காதீங்க, சின்ன வயசுலயே ஆரம்பிங்கன்னு.

காங்கேயத்தான்:
அந்த மேடம் மாதிரி ஆளுன்னா செரிங்க. எல்லா ஸ்கூல்லயும் அப்படி ஆள் கெடைக்குமான்னுதான் கேக்கறேன். என்ற பொண்ணுங்களுக்கு என்ற சம்சாரம் சொல்லிக்குவா.

கோபி டீச்சர்:
அதை ஸ்கூலுக்கே வந்து கேளுங்க. யாரு எடுக்கறாங்க, என்ன எடுக்கறாங்கன்னு பாடத்தை முன்னாடியே காட்டச் சொல்லி பள்ளி மேலாண்மைக் குழுல நீங்க கேக்கலாமுங்க. குழந்தைங்க உதவிக்கு 1098, பள்ளிக்கல்வித்துறை உதவிக்கு 14417, ரெண்டு நம்பரையும் இன்னைக்கே பொண்ணுங்களுக்கு மனப்பாடம் பண்ண வெச்சுருங்க. எங்க ஸ்கூல்ல அடுத்த கூட்டத்துல பசங்களையும் உக்கார வெக்கற விசயத்தை மறுபடி எடுக்கப் போறேன். எப்பவும் அம்மாமாருதான் வர்றாங்க. அந்த வண்டிக்கார அப்பாவையும் ஆளு விட்டு கூப்புட்டிருக்கேன், வருவாரான்னு தெரியல.