பூட்டிக் கிடக்கும் பங்கு வீட்டுக்குக் காப்பீடு: எக்சஸ் எவ்வளவு வைக்கலாம்?

பள்ளத்தூர்ப் பங்காளி:
எங்கள் ஐயா காலத்து வீடு பள்ளத்தூரில் இருக்கிறது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 9,000 சதுர அடி. ஆறு புள்ளிக்கு, அதாவது ஆறு குடும்பங்களுக்கு, பங்கு. எல்லோரும் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று போய்விட்டதால், முன்னோர் வழிபாடான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறப்பதோடு சரி; மற்ற நாட்களில் காவலுக்கு இருக்கும் பெரியவர் காலையும் மாலையும் வந்து விளக்கேற்றிவிட்டுப் போவார். வீட்டுக்குக் காப்பீடு எடுக்கலாம் என்று இப்போதுதான் முடிவு செய்திருக்கிறோம். முகவர் இரண்டு கணக்குக் கொடுத்திருக்கிறார்: எக்சஸ், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய முதல் தொகை, 10,000 ரூபாய் என்றால் ஒரு பிரீமியம், 50,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,400 ரூபாய் குறையும். எதை எடுப்பது? காப்பீட்டுத் தொகையை மனையோடு சேர்த்துச் சந்தை விலைக்கு வைக்க வேண்டும் என்று சித்தப்பா சொல்கிறார், அது சரியா?

ஓய்வுபெற்ற சர்வேயர், காரைக்குடி:
காப்பீட்டுச் சேதங்களை மதிப்பிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: எக்சஸ் கணக்கு எளிது. கூடுதலாக 40,000 ரூபாய் ஏற்று ஆண்டுக்கு 2,400 மிச்சப்படுத்தினால், ஏறத்தாழ 17 ஆண்டுகள் கிளெய்ம் இல்லாமல் போனால்தான் அந்தப் பணம் திரும்பும். இதை மட்டும் பார்த்தால் 10,000 தான் லாபம் என்று தோன்றும். ஆனால் உங்கள் வீட்டில் ஐம்பதாயிரத்துக்குள் அடங்கும் சேதங்கள் எவை என்று யோசியுங்கள்: நாட்டு ஓடு சரிந்து மழைநீர் இறங்குவது, சுண்ணாம்புப் பூச்சு உதிர்வது, உத்திரத்தில் கறையான். இவை நாள்பட்ட பராமரிப்புக் குறைகள். தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் போன்ற திடீர் நிகழ்வுகளுக்கான பாலிசியில் இவற்றுக்கு எப்படியும் பணம் வராது. ஆகவே குறைந்த எக்சஸைப் பயன்படுத்தும் வாய்ப்பே உங்களுக்கு அரிதாகத்தான் வரும். 50,000 என்றால் புள்ளிக்கு 8,400 கூட ஆகாது. அதை ஆறு பங்காளியிடமும் வசூலிப்பதுதான் கஷ்டம் என்றால், வங்கியில் ஒரு பொதுக் கணக்கில் போட்டு வைத்துவிடுங்கள்.

சித்தப்பா சொல்வது சரியில்லை, மனை எரிந்துபோவதில்லை. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் கிருஹ ரக்‌ஷா என்ற வீட்டுக் காப்பீட்டுப் பாலிசியில், கார்ப்பெட் ஏரியா எனப்படும் உட்புறத் தளப் பரப்பை இன்றைய கட்டுமானச் செலவு விகிதத்தால் பெருக்கி வருவதே கட்டடத்தின் தொகை. சதுர அடிக்கு 2,500 என்றால் உங்களுக்கு 2.25 கோடி. இங்கே இரண்டு இடங்களில் ஏமாறுவார்கள். திண்ணை, வெளித் தாழ்வாரம், சுற்றுச்சுவர் ஆகியவை அந்தத் தளப் பரப்பில் சேரா. அவற்றைத் தனியே அறிவிக்க வேண்டும். அடுத்தது, 2,500 என்பது சாதாரணக் கான்கிரீட் வீட்டுக்கான விகிதம். பர்மாத் தேக்குத் தூணும், முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுவரும், ஆத்தங்குடித் தரையும் அந்த விலையில் மறுபடி எழும்பா. அந்த விகிதத்தை உயர்த்தி எழுதச் சொல்லி வாதாடுங்கள். எக்சஸில் மிச்சமாகும் 2,400 ரூபாயை அங்கே செலவிடுவதுதான் என் யோசனை.

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, சர்வேயர் அண்ணன் சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பூட்டிய வீட்டில் முதல் பயம் தீ அல்ல, திருட்டு. எங்கள் பின்கட்டில் செதுக்கு வேலை செய்த கதவு ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். எனாமல் பாத்திரங்களும் போயின. பாலிசி இருந்தும் ஒரு ரூபாய் வரவில்லை. அண்ணன் சொன்ன அந்தக் கிருஹ ரக்ஷா அடிப்படைப் பாலிசியில், தீயோ வெள்ளமோ நேர்ந்து, அதன் காரணமாக 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டுமே ஈடு உண்டு என்பதைப் பிறகுதான் வாசித்தோம். களவுக்குத் தனிப் பிரிவு எடுத்தே ஆக வேண்டும். வீட்டுப் பொருட்களுக்குக் கட்டடத் தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகவே சேரும். ஆனால் வெள்ளி, தஞ்சாவூர்ப் படங்கள் போன்ற மதிப்புமிக்கவற்றை விருப்பப் பிரிவில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். மொத்தம் 5 லட்சத்துக்குள்ளும் ஒரு பொருள் 1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். எதுவானாலும் அறை அறையாகப் புகைப்படம் எடுத்துவையுங்கள்.

ஆறு புள்ளியின் பெயரும் பாலிசியில் வரட்டும். ஒருவர் பெயரில் மட்டும் எடுத்தால், அவருடைய பங்குக்கு மேல் அவருக்கு என்ன உரிமை என்று கிளெய்ம் நேரத்தில் கேள்வி எழும்.

பள்ளத்தூர்ப் பங்காளி:
இருவருக்கும் நன்றி. 50,000 எக்சஸ், உயர்த்திய விகிதம், தனிக் களவுப் பிரிவு என்று முகவரிடம் கேட்கப் போகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: பெரியவர் தினமும் வந்துபோவதால் எங்கள் வீடு காலி வீடு ஆகாது அல்லவா?

ஓய்வுபெற்ற சர்வேயர், காரைக்குடி:
அப்படி நினைத்துவிடாதீர்கள். பழைய நிலையான தீ பாலிசியில், முன்கூட்டியே எழுத்து மூலம் ஒப்புதல் பெறாமல் 30 நாட்களுக்கு மேல் குடியிராமல் விட்டால் காப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை இருந்தது. களவுப் பிரிவிலும் இத்தகைய நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். விளக்கேற்றுவதைக் குடியிருப்பு என்று அவர்கள் ஏற்கக் கட்டாயம் இல்லை. ஆண்டில் எத்தனை நாள் வீடு திறந்திருக்கும், பெரியவர் இரவு தங்குகிறாரா என்பதை முன்மொழிவுப் படிவத்திலேயே உள்ளது உள்ளபடி எழுதி, ஒப்புக்கொண்டதற்கான வாசகம் பாலிசியில் அச்சாகி வந்த பிறகு பணம் கட்டுங்கள். முகவர் தொலைபேசியில் சொல்லும் உறுதி போதாது.