பணியிடத்தில் விசுவாசத்துக்குச் சாட்சியாக இருப்பது எப்படி?

கேள்வி:
அன்பான சகோதர சகோதரிகளே, நான் கிறிஸ்தவன் என்பது அலுவலகத்தில் அனைவருக்கும் தெரியும். சென்ற வாரம் கணக்கில் நான் செய்த பிழைக்கான பழியை இளைய ஊழியர் ஒருவர் மீது சுமத்தி, எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கடிந்துகொண்டேன். அருகில் இருந்தவர் என் மேசையிலிருந்த வேதாகமத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அந்தப் பார்வை இன்னும் உறுத்துகிறது. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஆண்டவரைப் பற்றிப் பேசுவேன்?

மறுமொழி 1:
சகோதரரே, முதலில் அந்த இளையவரிடம், அன்று கேட்டவர்கள் முன்னிலையிலேயே, பிழை உங்களுடையது என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேளுங்கள். 2 கொரிந்தியர் 5:20-இல் பவுல் தம்மையும் தம் உடன் ஊழியரையும் கிறிஸ்துவுக்காக ஸ்தானாபதிகள் என்கிறார். ஸ்தானாபதி தன்னை அனுப்பியவரின் பெயரால் நிற்கிறவர் என்பதால், ‘வேலைப்பளு அதிகம்’ என்பது போன்ற சாக்குப்போக்கு எதையும் சேர்க்காதீர்கள்.

மறுமொழி 2:
1 பேதுரு 3:15-ஐப் பலரும் வாதாடுவதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள் (எனக்கு இது வருத்தமே). அவ்வசனமோ, நம் நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு (அதாவது பதில்) சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. கேட்கத் தூண்டும் வாழ்க்கை முன்னே வர வேண்டும் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
இன்று காலை எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, அந்தக் கணக்கைச் சேர்ந்தே சரிபார்க்கலாமா என்று கேட்டார்.