புதுப்பிப்பு: 1/24 மினி கூப்பர் எஸ், குரோமும் கதவு இடுக்குகளும்

1964 மான்டி கார்லோ ராலியில் பேடி ஹாப்கிர்க் வென்ற 37ஆம் எண் மினி கூப்பர் எஸ் காரை 1/24 அளவு மாதிரியாகக் கட்டுவதாகவும், கிட்டின் (ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பாகங்களின் தொகுப்பு) குரோம் பாகங்கள் பொம்மைத்தனமாக மின்னுவதாகவும் முன்பு எழுதியிருந்தேன்.

அப்பாகங்களை ப்ளீச்சில் ஊறவைத்துப் பூச்சை நீக்கி, பளபளப்பான கறுப்பின் மேல் குரோம் வண்ணத்தை மிக மெல்லிய படலமாகத் தெளித்ததில், கிரில்லின் கம்பிகள் இப்போது தனித்தனியாகத் தெரிகின்றன. சிவப்பு உடலின் கதவு இடுக்குகளுக்குக் கறுப்பைவிட அடர் பழுப்பே இயல்பாக இருக்கிறது. உடலின் லேக்கர் வகை வண்ணப் பூச்சின் மேல் அப்பழுப்பை எனாமல் வகை வண்ணமாக இடுக்குகளில் ஓடவிட்டால், மிகையானதை எனாமல் தின்னரால் துடைக்கும்போது அடிப்பூச்சு கரைவதில்லை.

வென்ற காரின் எஞ்சின் 1071 சிசி, கிட் சித்திரிப்பதோ 1275 சிசி. பானட்டை மூடிவிட்டால் இது ஒரு பொருட்டல்ல என்பது என் கருத்து. வெள்ளைக் கூரை காய்ந்துவிட்டது. முன்விளக்குகளும் டீக்கால்களும் (எண், சின்னங்களுக்கான ஒட்டுப்படங்கள்) மட்டுமே மீதம்.