மணற்காட்டு மணல்மேட்டில் ஒரு காலை

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. ஆனாலும் என் மகனுக்கு இந்த ஆவணி விடுமுறைக்கு மலை ஏறியே ஆகவேண்டும். எல்லவுக்கோ நுவரெலியாவுக்கோ ஒரு நாளில் போய் வர முடியாது, அம்மாவுக்கும் முழங்கால் வருத்தம். "அப்ப மணற்காட்டுக்குப் போவம். அதுவும் ஏற்றம்தானே" என்று அம்மாதான் சொன்னார்.

ஞாயிறு விடிய நாலரைக்கு மச்சாளின் வான் வண்டியில் வெளிக்கிட்டோம். பருத்தித்துறை 33 கிலோமீட்டர் மட்டில். அங்கிருந்து மருதங்கேணிப் பக்கம் போகும் வீதியைப் பிடித்து, வல்லிபுரம் தாண்டிப் போனால் மணற்காடு. சவுக்கு மரங்களுக்குக் கீழே வானை விட்டுவிட்டு நடந்தோம். சவுக்கங்காட்டுக்குள் காற்று போகும் சத்தம் மழை வருவது போலவே இருக்கும். சின்னவள் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காடு முடிந்ததும் வெறும் மணல். மேடு பெரிய உயரமில்லை, ஆனால் ஒரு அடி வைத்தால் அரை அடி கீழே சறுக்கும். நாங்கள் நேரே ஏறப் போய் மூச்சு வாங்கி நின்றோம். கீழே கரையில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு மேலே வந்தார்.

"நேர ஏறாதேங்கோ பிள்ளை. அடம்பன் கொடி படர்ந்த பக்கமாச் சுத்தி ஏறுங்கோ, அங்க மண் இறுக்கம். இராவணன் மீசைப் புல்லில மட்டும் கால் வைக்காதேங்கோ, குத்தும்."

அவர் சொன்ன பக்கம் உண்மையிலேயே கால் புதையவில்லை. வேரோடிய கொடி மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. அம்மா என் தோளைப் பிடித்தபடி இரண்டு தரம் இருந்து எழும்பி, உச்சிக்கே வந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சூரியன் கடலுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் சவுக்கும் பனையும். பார்த்த இடமெல்லாம் காற்று வரி போட்ட மணல். சோளகம் (தென்மேல் காற்று) அடிக்கிற காலம் என்பதால் நாங்கள் ஏறிய தடம் கொஞ்ச நேரத்திலேயே மங்கத் தொடங்கியது. மகன் அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "சோளகம் ஒரு பக்கம் தள்ளும், வாடை வந்து மற்றப் பக்கம் தள்ளும். மணல் ஒரு இடத்தில நிக்காது தம்பி" என்று ஐயா அவனுக்கு விளங்கப்படுத்தினார். 2004 மார்கழி 26 சுனாமி பற்றி அம்மா கேட்டபோது, கடலைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தார். நாங்களும் மேலே கேட்கவில்லை.

இறங்கும்போது பழைய அந்தோனியார் கோயிலைப் பார்த்தோம். கூரை இல்லை, சுவர்கள் மட்டும் மணலுக்குள் பாதி புதைந்து நிற்கின்றன. பிள்ளைகளைச் சுவரில் ஏறவிட வேண்டாம், கல் உதிர்கிறது.

ஒன்றை மனம் பொறுக்காமல் எழுதுகிறேன். மணற்காடு இருக்கிற வடமராட்சி கிழக்கில் மணல் அள்ளுவது இன்னும் நின்றபாடில்லை. யாழ்ப்பாணத்தில் குடிக்க ஆறு இல்லை, பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். இந்த மணல்மேடுகள் மழைத்தண்ணீரை உள்ளே இறக்கி வைத்திருப்பதால்தான் கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற கிணற்றிலும் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. மேட்டை அள்ளினால் உப்பு உள்ளே வரும். வீடு கட்ட மண் வாங்குகிற எல்லோரும் அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு தரம் கேட்க வேண்டும்.

எட்டரைக்கே மணல் சுடத் தொடங்கிவிட்டது. சின்னவளுக்குச் செருப்புப் போட்டும் தாங்கவில்லை, அவளைத் தூக்கிக்கொண்டுதான் வந்தோம். போகிறவர்கள் விடியவே போங்கள், தண்ணீர் தாராளமாகக் கொண்டுபோங்கள். மேட்டுப் பக்கம் கடை எதுவும் நாங்கள் காணவில்லை. சவுக்கு நிழலில் இருந்து புட்டும் சம்பலும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். புட்டுக்குள் கொஞ்சம் மணல் விழுந்தது, அப்படியும் ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

திரும்பும் வழியில் வல்லிபுர ஆழ்வார் கோயிலில் இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமை, நல்ல சனம். அம்மா கால் கழுவிக்கொண்டே, "மாரி தொடங்க முன்னம் பெரியம்மாவையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வரவேணும்" என்றார். புரட்டாசியில் ஒரு ஞாயிறு பார்த்து வைத்திருக்கிறோம்.