கோடாலிப் பலகையில் 1982 ஸ்கோரை மாற்றி எழுதுவது சரியா?

கிழக்குக்கரை:
என் மகள் பெர்க்லியில் மூன்றாம் ஆண்டு. அக்கா மகன் ஸ்டான்ஃபோர்டில் முதுகலை. தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு எல்லோரும் வீட்டில் கூடியிருந்தோம். சாம்பாரைப் பரிமாறி முடிப்பதற்குள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். காரணம் ஒரு கோடாலி.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு பல்கலைக்கழகங்களும் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் எதிரெதிர்க் கரைகளில் இருக்கின்றன. காரில் ஒரு மணி நேரம். 1892இலிருந்து அமெரிக்கக் கால்பந்தில் மோதுகிறார்கள். ஜெயிப்பவருக்குக் கோப்பை கிடையாது, ஒரு கோடாலித் தலைதான். அதை ஒரு மரப்பலகையில் பதித்து, பழைய ஆட்டங்களின் ஸ்கோரையும் அதிலேயே பொறித்திருக்கிறார்கள். 2021 முதல் 2024 வரை நான்கு வருடமும் பெர்க்லிதான் வென்றது. 2025 நவம்பர் 22 அன்று ஸ்டான்ஃபோர்டு 31–10 என்று ஜெயித்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. அதில் எனக்கு வருத்தமில்லை.

என் வருத்தம் 1982 பற்றியது. அந்த ஆட்டத்தின் அதிகாரபூர்வ முடிவு பெர்க்லி 25, ஸ்டான்ஃபோர்டு 20. ஆனால் கோடாலி ஸ்டான்ஃபோர்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த ஒரு வரியை மட்டும் ஸ்டான்ஃபோர்டு 20, பெர்க்லி 19 என்று மாற்றிவிடுவது அவர்கள் வழக்கம். கடைசி நொடிகளில் பெர்க்லி ஓடிச் சேர்த்த ஆறு புள்ளி செல்லாது என்பது அவர்கள் கட்சி. பெர்க்லிக்கு வந்தால் பழையபடி 25–20. அக்கா மகன் இதைப் பெருமையாகச் சொன்னான். படித்த பிள்ளைகள், உலகின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் ஒன்று, ஒரு ஆவணத்தைத் திருத்துகிறார்கள், அதற்கு மரபு என்று பெயரும் வைக்கிறார்கள். எனக்கு இது தப்பாகவே படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செம்மரம்:
நான் ஸ்டான்ஃபோர்டில் படித்தவள். அதனால் என் பக்கம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அண்ணா.

ஆவணம் என்கிறீர்கள். எதன் ஆவணம்? அந்தக் கடைசி ஓட்டத்தின் பதிவை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். பெர்க்லியின் டுவைட் கார்னரைச் சுற்றி எங்கள் ஆட்கள் மொய்க்கிறார்கள். அவர் முழங்கால் தரையைத் தொட்டுவிட்டது என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். தொட்டிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. கடைசியில் மேரியட் ஃபோர்டு தோளுக்குப் பின்னால் வீசிய பந்தும் முன்னால் போனது போலத்தான் தெரிகிறது. வீடியோவைப் பார்த்துத் தீர்ப்பை மாற்றும் முறை அப்போது கிடையாது. மைதானத்தில் நின்றவர்களின் கண்ணுக்குத் தப்பியது தப்பியதுதான். அந்தத் தீர்ப்பை நாங்கள் ஏற்கவில்லை. ஏற்காததை எங்கள் கையில் இருக்கும்போது எழுதிவைக்கிறோம், அவ்வளவுதான். யாரையும் ஏமாற்றவில்லை. உலகத்துக்கே தெரிந்து செய்கிறோம்.

இன்னொன்று, அந்தக் கோடாலியை முதலில் கொண்டுவந்தவர்கள் நாங்கள். 1899இல் அதைப் பறித்துக்கொண்டு ஓடியவர்கள் பெர்க்லிக்காரர்கள். எடுத்த பொருளை முப்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்தவர்கள் எங்களுக்கு நேர்மையைப் பாடம் எடுக்க வேண்டாம்.

ஞாயிறு அம்பயர்:
நான் இங்கே வார இறுதியில் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்கு அம்பயராக நிற்பவன். அதனால் நடுவர் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

1982 நவம்பர் 20, பெர்க்லியின் மெமோரியல் ஸ்டேடியம். நான்கு நொடி மிச்சமிருக்கும்போது மார்க் ஹார்மன் 35 யார்டு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அடித்து ஸ்டான்ஃபோர்டை 20–19 என முன்னிலைக்குக் கொண்டுவருகிறார். அந்தக் கொண்டாட்டத்துக்கே 15 யார்டு அபராதம். அதனால் தன் பக்கத்து 25 யார்டு கோட்டிலிருந்து கிக்-ஆஃப் (புள்ளி எடுத்த அணி பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுப்பது) அடிக்க வேண்டியதாயிற்று. பெர்க்லியின் கெவின் மோன் பந்தை எடுக்கிறார். ராட்ஜர்ஸுக்குத் தள்ளுகிறார், அவர் கார்னருக்கு, கார்னர் மறுபடி ராட்ஜர்ஸுக்கு, அவர் ஃபோர்டுக்கு, ஃபோர்டு மோனுக்கு. பந்து ஐந்து முறை கைமாறுகிறது. பின்னாலோ பக்கவாட்டிலோ தள்ளினால் எத்தனை முறையும் செல்லும். இதற்குள் ஆட்டம் முடிந்தது என்று நினைத்து ஸ்டான்ஃபோர்டு பேண்டு வாத்தியங்களோடு மைதானத்துக்குள் வந்துவிட்டது. மோன் அவர்களுக்குள் புகுந்து ஓடி, எண்ட் சோனில், அதாவது பந்தைக் கொண்டுசேர்க்க வேண்டிய கோடிப் பகுதியில் நின்ற டிராம்போன்காரர் மேலேயே போய் விழுந்தார்.

தலைமை நடுவர் சார்லஸ் மாஃபெட் உடனே கை தூக்கவில்லை. மற்ற நடுவர்களைக் கூட்டினார். யாராவது விசில் ஊதினீர்களா என்று கேட்டார். இல்லை என்றார்கள். கைமாறிய பாஸ் எல்லாம் செல்லுமா என்பதையும் உறுதிசெய்துகொண்டார். அதன் பிறகுதான் டச் டவுன், அதாவது ஆறு புள்ளி என்று காட்டினார். அந்தக் கூச்சலில், அத்தனை பேர் சூழ்ந்து நிற்க, நிதானமாக இரண்டு கேள்வி கேட்ட மனுஷனை நான் மதிக்கிறேன். அவர் கொடுத்தது தீர்ப்பு. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

செம்மரம்:
மதிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, சார். நீங்கள் அவுட் கொடுத்து, பிறகு யாரோ போனில் எடுத்த வீடியோவைப் பார்த்து, தப்பாகக் கொடுத்துவிட்டோமே என்று தோன்றியதே இல்லையா?

ஞாயிறு அம்பயர்:
உண்டு. போன கோடையில் ஒரு பையனுக்கு எல்பிடபிள்யூ கொடுத்தேன். பந்து மட்டையின் உள் விளிம்பில் பட்டதை வீட்டுக்குப் போய் வீடியோவில் பார்த்தேன். அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. மறுவாரம் அந்தப் பையனிடம் போய்த் தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஆனால் ஸ்கோர் புத்தகத்தில் இன்றைக்கும் அவன் பெயருக்கு எதிரே எல்பிடபிள்யூ 31 என்றுதான் இருக்கிறது. அதை மாற்ற அவனும் கேட்கவில்லை, நானும் மாற்றமாட்டேன். மன்னிப்புக் கேட்பது ஒன்று, ஏட்டைத் திருத்துவது வேறு.

ஏட்டுச்சுவடி:
எடுத்ததும் மீட்டதும் பற்றி செம்மரம் சொன்னதால் ஒரு வார்த்தை. நம் புறப்பொருளில் இதற்குப் பெயரே இருக்கிறது. பகைவர் ஆநிரையைக் கவர்ந்தால் வெட்சி, கவர்ந்ததை மீட்டால் கரந்தை. கவர்ந்தவனை நம் புலவர்கள் திருடன் என்று ஏசவில்லை. இரண்டு பூவுக்கும் பாட்டு உண்டு.

1899 வெட்சி. அன்று நடந்தது கால்பந்து கூட இல்லை, சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பேஸ்பால் ஆட்டம். அதற்கு இரண்டு நாள் முன்பு ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் பெர்க்லியின் நீலமும் பொன்னிறமும் உடுத்திய வைக்கோல் பொம்மையின் தலையை அந்தக் கோடாலியால் வெட்டியிருந்தார்கள். ஆட்டத்தன்றும் நல்ல அடி விழும்போதெல்லாம் எதிரணி நிறத்து ரிப்பனை வெட்டிக் காட்டினார்கள். ஆட்டம் முடிந்ததும் பெர்க்லிப் பையன்கள் பாய்ந்து பறித்தார்கள். நகரத் தெருக்களில் துரத்தல். ஒரு கசாப்புக்கடையில் காம்பை அறுத்து எறிந்துவிட்டு, இரும்பை மட்டும் கோட்டுக்குள் மறைத்துப் படகுத்துறைக்கு வந்தார்கள். அங்கே சோதனை நடந்துகொண்டிருக்க, வைத்திருந்தவர் தெரிந்த பெண் ஒருத்தியோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டே படகில் ஏறிவிட்டார் என்பது கதை. இன்றும் பலகையில் தலை மட்டும் இருப்பது அதனால்தான்.

1930 ஏப்ரல் 3 கரந்தை. பெர்க்லிக்காரர்கள் கோடாலியை வங்கிப் பெட்டகத்தில் வைத்திருந்து, ஆண்டுக்கு ஒருமுறை பேரணிக்காக எடுத்துப் பாதுகாப்போடு திரும்பக் கொண்டுபோவார்கள். அன்று வங்கி வாசலில் படம் எடுப்பவர் போல ஒருவர் நின்றார். பளிச்சென்று ஒளி, கண்ணீர்ப் புகை, அவ்வளவுதான், கோடாலி வேறு காரில். வந்தவர்கள் இருபத்தொரு பேர். அவர்களில் சிலர் பெர்க்லிக் கூட்டத்தோடேயே நின்று தேடுவது போலக் குழப்பினார்கள். பிறகு மூன்று வருடம் பேசி, 1933இல்தான் ஆட்டத்தில் வெல்பவருக்கே கோடாலி என்று ஒப்பந்தம் ஆனது.

ஆகவே, அம்மா, கவர்ந்ததையும் மீட்டதையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 1982 வரி அப்படியல்ல. பழைய ஏடுகளில் ஒரே பாட்டுக்கு இரண்டு பாடம் இருக்கும். உ.வே.சா. ஒன்றை மேலே வைத்து மற்றதைப் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் தந்தார். தனக்குப் பிடிக்காத பாடத்தைச் சுரண்டி எடுத்துவிடவில்லை. பலகையில் 25–20 என்று போட்டு, அருகிலேயே சிறிய எழுத்தில் ஸ்டான்ஃபோர்டு ஏற்கவில்லை என்று பொறிக்கட்டும். நான் கைதட்டுவேன். சுரண்டக் கூடாது.

கிழக்குக்கரை:
ஐயா, இதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நன்றி.

செம்மரத்துக்கு: அந்த ஆட்டத்தை ஸ்டான்ஃபோர்டு நடுவர்களிடம் மட்டும் தோற்கவில்லை. உங்கள் ஜான் எல்வே, பிற்பாடு பெரிய ஆளானவர், தன் 13 யார்டு கோட்டில் நான்காவதும் கடைசியுமான முயற்சி, பந்தைத் தக்கவைக்க 17 யார்டு தேவை என்ற இடத்திலிருந்து 29 யார்டு பாஸ் போட்டுப் பிழைத்தார். அற்புதம்தான். ஆனால் ஃபீல்டு கோலுக்காக டைம் அவுட் கேட்டுக் கடிகாரத்தை நிறுத்தியபோது கடிகாரத்தில் எட்டு நொடி. இன்னும் நாலைந்து நொடி ஓடவிட்டிருந்தால் கிக்-ஆஃபே வந்திருக்காது. அபராதம் உங்கள் கொண்டாட்டத்துக்கு. பேண்டும் உங்களுடையது. தோற்ற நான்காம் நாளே ஸ்டான்ஃபோர்டு மாணவர் பத்திரிகைக்காரர்கள், வெற்றி ஸ்டான்ஃபோர்டுக்கே வழங்கப்பட்டது என்று பெர்க்லி மாணவர் பத்திரிகையின் பெயரிலேயே போலி இதழ் அச்சடித்துப் பெர்க்லி வளாகத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். அதை நம்பி மனமொடிந்தவர்கள் உண்டு. அது ஒரு நாள் விளையாட்டு. பலகை அப்படியில்லை.

சான்டா கிளாரா வாசி:
நான் இரண்டு இடத்திலும் படிக்கவில்லை. 2024இல் நண்பர் கூப்பிட்டார் என்று பெர்க்லிக்குப் போனேன். பெர்க்லி 7–21 என்று பின்தங்கி, கடைசியில் தன் 2 யார்டு கோட்டிலிருந்து 98 யார்டு கொண்டுபோய் 24–21 என்று ஜெயித்தது. அதைவிட என் மனதில் நிற்பது வேறு காட்சி. ஆட்டம் முடியும் நேரத்தில் இரு பக்கத்துக் காவல் மாணவர்களும் மைதான ஓரம் நேருக்கு நேர் வரிசை கட்டி நின்றார்கள். நடுவில் அந்தப் பலகை. ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை. கோடாலியை வைத்திருந்த பையனின் விரல் நுனி வெளுத்துப் போகும் அளவுக்குப் பிடி. எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, எழுபது தாண்டியிருக்கும், உட்காரவே இல்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த இரண்டு அணியும் 2024 முதல் அட்லாண்டிக் கடற்கரை லீகில் ஆடுகின்றன. பசிபிக் கரையில் இருந்துகொண்டு! நூற்றாண்டு தாண்டிய பசிபிக் லீக் டிவி பணத்தில் சிதறிப்போனது. இப்போது பாதி எதிரணிகள் ஐந்து மணி நேர விமானத் தூரம். மிச்சமிருக்கும் ஒரே அக்கம்பக்கச் சண்டை இதுதான். அந்த வரியை மாற்றுகிறார்களே என்று கோபப்பட இன்னும் ஆள் இருப்பதே எனக்குச் சந்தோஷம். பலகையை அப்படியே விடுங்கள்.

செம்மரம்:
ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன அடிக்குறிப்பு யோசனை நல்ல யோசனை. ஆனால் எங்களுக்கு அது போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த அணிக்கு அன்று ஜெயித்திருந்தால் ஒரு பௌல் ஆட்டம் (பருவம் முடிந்ததும் நன்றாக ஆடிய அணிகளுக்குக் கிடைக்கும் கௌரவ ஆட்டம்) கிடைத்திருக்கும். எல்வேக்குக் கல்லூரியில் அதுதான் கடைசி ஆட்டம். ஒருமுறைகூட பௌல் ஆடாமல் போனார். அந்தக் கசப்பு ஒரு அடிக்குறிப்பில் அடங்காது. எல்வே டைம் அவுட் பற்றி அண்ணா சொன்னது உண்மை, அதற்கு என்னிடம் பதில் இல்லை. முழங்கால் பற்றி என் கருத்தும் மாறவில்லை.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அடிபட்ட டிராம்போன்காரர் கேரி டைரல் பிற்காலத்தில் மோனுக்கு நண்பராகிவிட்டார். நசுங்கிய டிராம்போன் கல்லூரிக் கால்பந்துப் புகழரங்கத்துக்குப் போயிற்று. இடித்தவரும் இடிபட்டவரும் சமாதானமானார்கள். எழுத்தில் மட்டும் நாங்கள் விடமாட்டோம்.

கிழக்குக்கரை:
நேற்று ராத்திரி மகளிடம் இந்த இழை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஏட்டுச்சுவடி ஐயாவின் யோசனையை அவள் ஆதரிப்பாள் என்று நினைத்தேன். முகத்தைச் சுளித்தாள். “இரண்டையும் சேர்த்துப் பொறித்துவிட்டால் அப்புறம் நாங்கள் எதைத் திருத்துவது அப்பா? கோடாலி கைக்கு வந்ததும் முதல் வேலையே அந்த வரியைச் சரிசெய்வதுதானே” என்றாள்.

எனக்கு இன்னும் உறுத்தத்தான் செய்கிறது. ஸ்கோர் புத்தகம் பற்றி அம்பயர் சார் சொன்னதுதான் என் கட்சி. ஆனால் அவளுக்கு அது உறுத்தவில்லை, அவள் அத்தை மகனுக்கும் உறுத்தவில்லை.

2026 ஆட்டம் பெர்க்லியில். மூன்று டிக்கெட் எடுக்கப் போகிறேன். அவனுக்கும் சேர்த்துத்தான்.