சலக்கடுப்புக்கு டொக்டரின் துண்டில்லாமல் அன்டிபயோடிக்: பாமசிகள் கொடுக்கலாமா?

நெல்லியடி வாசுகி:
கொடுக்கவே கூடாது. என் மாமிக்குச் சலக்கடுப்பு வந்தபோது பாமசிக் கடைக்காரர் சிப்ரோ (சிப்ரோபுளொக்சசின் என்ற அன்டிபயோடிக்) அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, நாலு குளிசையைக் கடதாசி உறையில் போட்டுக் கொடுத்தார். வெட்டின பகுதியில் மருந்தின் பேர்கூட இல்லை. அடுத்த கிழமை குளிர், காய்ச்சல், வார்டு. சலத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் றிப்போட்டில் சிப்ரோவுக்கு நேரே ‘ஆர்’, அதாவது அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது; வாயால் எடுக்கிற மருந்துகள் அனேகமானவற்றுக்கும் ‘ஆர்’. கடைசியில் மெரோபெனம் என்ற அன்டிபயோடிக் ஊசிதான் கேட்டது.

தீவான்:
அக்கா, உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் நெடுந்தீவில் இருந்து யோசியுங்கள். குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகு, பிறகு யாழ்ப்பாணத்துக்கு பஸ். கூலிக்குப் போகிற பெண் அன்றைய சம்பளத்தை விட்டு, லாபுக்கும் காசு கட்டி, முடிவுக்கு 2, 3 நாள் எரிச்சலோடு இருப்பதா? இங்கிலாந்தில் 2024 ஜனவரி முதல் 16 முதல் 64 வயதுப் பெண்களுக்குப் பாமசியிலேயே கொடுக்கிறார்கள். இங்கே மட்டும் ஏன் குற்றம்?

லாப் மேசை:
இங்கிலாந்துக் கதையை முழுசாகச் சொல்லுங்கள், தம்பி. கர்ப்பமா, காய்ச்சலா, விலாவில் நோவா என்று கேட்டு, பதிந்த பிறகுதான் அங்கே கொடுப்பார்கள். அதுவும் நைட்ரோபியூரன்டொயின் என்ற அன்டிபயோடிக், 3 நாளைக்கு. சிப்ரோ அதில் இல்லை.

நான் நாளாந்தம் பார்ப்பதைச் சொல்கிறேன். கிருமி வளர்க்கிற அகார் கூழ் ஊற்றின தட்டில் கிருமியைப் பூசி, மருந்து ஏற்றின சின்னக் கடதாசி வட்டுகளை வைத்து, இரவு முழுக்க 35 பாகையில் விடுவோம். மருந்து கேட்டால் வட்டைச் சுற்றித் தெளிந்த வளையம் தெரியும். செபோடாக்சிம் போன்ற அன்டிபயோடிக்குகளை உடைக்கிற ஈ.எஸ்.பி.எல். நொதி சுரக்கும் ஈ.கோலைக் கிருமி என்றால், செபோடாக்சிம் வட்டின் விளிம்பு வரைக்கும் கிருமி முட்டி வளர்ந்திருக்கும். அந்த நொதிக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற மரபணு வளையத்தில் இருக்கிறது. அது பக்கத்துக் கிருமிக்கும் தாவும், வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பையும் கூடவே கொண்டு போகும். சலப்பைக்கு ஏறுவது பெரும்பாலும் நம் குடலில் இருக்கிற ஈ.கோலைதான். அதனால் தடிமனுக்கு வீணாக எடுத்த அன்டிபயோடிக்கும் குடலில் எதிர்ப்புள்ளவற்றை மிச்சம் வைத்துவிடும். அடுத்த சலக்கடுப்பில் அவைதான் முன்னுக்கு நிற்கும்.

இன்னொன்று. நாலு குளிசை விழுங்கின பிறகு சலம் தந்தால் தட்டில் ஒன்றுமே வளராமல் போகலாம். வருத்தம் உள்ளே இருக்கும், றிப்போட் வெறுமையாக வரும்.

கொடிகாமத்தான்:
பாமசியை மட்டும் பிடிக்காதீர்கள். என் அப்பாவுக்கு எரிச்சலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. சலத்தில் கிருமி என்று கண்டதும் டொக்டர் ஒரு கோர்ஸ் எழுதிவிட்டார்.

லாப் மேசை:
அண்ணை, அதுவும் பிழைதான். அறிகுறி இல்லாவிட்டால் அனேகமாக மருந்து வேண்டாம். கர்ப்பிணிகளும் சலப்பாதைச் சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்களும் வேறு.

தீவான்:
சரி, சிப்ரோவை விடுவோம். ஆனால் சலத்தை வெளி வெக்கையில் 2 மணித்தியாலத்துக்கு மேல் வைத்தால் கிருமி பெருகி முடிவு பிழைக்கும். படகும் பஸ்ஸும் சேர்ந்தால் அந்த நேரம் போய்விடும். கிருமி பெருகாமல் தடுக்கிற போறிக் அமிலம் போட்ட போத்தல்களைத் தீவு ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுங்கள், பிறகு பாமசிகளை இறுக்குங்கள்.

நெல்லியடி வாசுகி:
போத்தலுக்கு நானும் சேர்ந்து கேட்கிறேன், தம்பி. ‘பிறகு’ என்பதைத்தான் ஏற்க மாட்டேன். அன்டிபயோடிக்குக்குத் துண்டு கேட்க வேண்டும் என்பது ஏற்கனவே சட்டம். படகு ஏறத் தேவையில்லாத நெல்லியடியிலும் சுன்னாகத்திலும் அதைக் கடைப்பிடிக்க எந்தப் போத்தலும் வரத் தேவையில்லை.