புதுப்பிப்பு: முழங்கால் வீக்கமும் மூன்று மாதச் சாப்பாடும்

காலையில் முழங்கால் வீங்குகிறது, ரத்தத்தில் சிஆர்பி (உடலின் அழற்சியைக் காட்டும் அளவு) 9 காட்டுகிறது, சாப்பாட்டை மாற்றினால் குறையுமா என்று மூன்று மாதம் முன் கேட்டிருந்தேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பதில்: ஓரளவு குறைந்தது.

டின் பாலும் பாக்கெட் மீயும் (நூடுல்ஸ்) நின்றன. ஒமேகா 3-க்குச் சால்மன் வாங்கச் சொன்னீர்கள். அந்த விலைக்கு இங்கே ஒரு வாரச் சந்தையே முடிந்துவிடும். கெம்புங் மீனிலும் (கானாங்கெளுத்தி) அது இருக்கிறது, வாரம் மூன்று நாள் அதுதான். அப்புறம் பின்கட்டு முருங்கைக்கீரை, வல்லாரை, தோலோடு பச்சைப்பயறு. அம்மா தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு) ஆக்கியதுதான், புதிதாக ஒன்றுமில்லை. பயற்றின் நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலமாக மாற்றுகின்றன. அழற்சியைத் தணிக்க அது உதவுகிறது. முதல் இரண்டு வாரம் வயிற்றில் ஒரே வாயு. யாரும் எச்சரிக்கவில்லையே!

மஞ்சள் மாத்திரை வாங்கவில்லை. எண்ணெயும் மிளகும் சேர்ந்த குழம்பிலேயே மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் கொஞ்சம் கூடுதலாக உடலில் சேரும்.

இப்போது சிஆர்பி 5. நான்கு கிலோ இளைத்ததும் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர், மருந்தை நிறுத்தவில்லை. பசார் மாலாமில் (இரவுச் சந்தை) விற்கும் அப்பம் பாலேக் என்ற இனிப்பு அப்பத்தை மட்டும் விட முடியவில்லை.